குளோத்தார் என்று பெயர் வைத்தவர்கள்

மெரோவிங்கியர் குடும்பத்தில் குளோத்தார் என்ற பெயரில் நான்கு அரசர்கள் இருந்தார்கள். முதலாமவர் 511இல் பட்டத்துக்கு வந்தார். நான்காமவர் 718இல் மறைந்தார். அந்த இருநூறு ஆண்டுகளிலும் அதை ஒட்டியும், இன்றைய பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் மேற்குப் பகுதியும் அடங்கிய ஃபிராங்கிய நாட்டை ஆண்ட அதே குடும்பத்தில் தியூடெரிக் நால்வர், சில்டெபெர்ட் மூவர், சிகெபெர்ட் மூவர், டகோபெர்ட் மூவர் என்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால், இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர் பத்துப் பக்கத்துக்குள் யார் யாருடைய அண்ணன், யாரை யார் கொன்றார் என்று திணறிப்போவார். குளோவிஸ் என்ற பெயரில் மூவர் இருந்தார்களா நால்வர் இருந்தார்களா என்பதிலேயே நூலுக்கு நூல் கணக்கு மாறும். அதற்கான காரணம் சுவையானது, பின்னால் வருகிறேன்.

பெயருக்கு முன்னால் நாம் போடும் முதலாம், இரண்டாம் என்பவை அந்த அரசர்கள் காலத்தில் இல்லாதவை. இரண்டாம் குளோத்தார் 614 அக்டோபர் 18 அன்று பாரிசில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆணை, எம் ஆட்சியின் 31ஆம் ஆண்டு என்றுதான் காலத்தைக் குறிக்கிறது; தமக்கு முன் அதே பெயரில் தாத்தா ஒருவர் ஆண்டார் என்பதை எண்ணால் சுட்ட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் நம் பக்கம் நடப்பட்ட நடுகற்களையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: கையில் வில்லோடு வீரன் நிற்க, மேலே வட்டெழுத்து ஓடும். செங்கம், தருமபுரி வட்டாரத்துக் கற்களில் ‘கோவிசைய மயீந்திர பருமற்கு’ என்று தொடங்கி, ஆட்சியாண்டைச் சொல்லி, தொறு, அதாவது கால்நடை மந்தை, மீட்டு இறந்துபட்டவனின் பெயரைச் சொல்லி முடிப்பது வழக்கம். அந்த மயீந்திரனை முதலாம் மகேந்திரவர்மன் என்று எண்ணிட்டவர்கள் நம் காலத்துக் கல்வெட்டறிஞர்கள். ஊரில் பட்டாவில் தாத்தாவும் பேரனும் முனியப்பன் என்றே இருக்கும்போது, பெரிய முனியப்பன், சின்ன முனியப்பன் என்று பிரித்துச் சொல்வது கிராம நிர்வாக அலுவலருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வேண்டியிருக்கிறதே தவிர, அந்த வீட்டாருக்கு வேண்டியிருப்பதில்லை.

மெரோவிங்கியர் விஷயத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது பாசத்தாலும் மரியாதையாலும் மட்டும் நடந்ததாக எடுத்துக்கொண்டால் பாதி வரலாறு கைநழுவிப் போகும். அங்கே பெயர் என்பது சொத்தில் பங்கு கேட்டுப் போடும் மனு. பிறப்பில் ஐயமோ வலுவில் குறையோ இருந்த இடங்களில்தான் அந்த மனு அழுத்தமாகப் போடப்பட்டது. நான்கு குளோத்தார்களை வரிசையாகப் பார்த்தால் இது தெரியும் என்பதால்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

ஃபிராங்கியர் உள்ளிட்ட ஜெர்மானிய மக்கள் இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் பெயர் அமைத்தார்கள். தந்தையின் பெயரிலிருந்து ஒரு பாதியை எடுத்து மகனுக்கு வைப்பது பழைய முறை. ஃபிராங்கியரை ஒரே அரசின்கீழ் கொண்டுவந்த முதலாம் குளோவிசின் மகன்களான குளோடோமெர், குளோத்தார் ஆகியோரின் பெயர்களில் முன்பாதி தந்தையுடையது. அடுத்தடுத்த தலைமுறைகளில் பாதி பாதியாக எடுக்கும் வழக்கம் தேய்ந்து, முன்னோர் ஒருவரின் முழுப் பெயரை அப்படியே எடுத்து வைக்கும் வழக்கம் வலுத்தது. அப்படி எடுக்கப்பட்ட பெயர்கள் பெரும்பாலும் அரச குடும்பத்துக்குள்ளேயே சுழன்றன.

முதல் குளோத்தாருக்கு இந்தப் பெயரால் எந்த நன்மையும் கிடைக்கவில்லை. அதற்கு எடை சேர்த்தவரே அவர்தான். 511இல் குளோவிஸ் இறந்ததும் நாடு நான்கு மகன்களுக்குப் பாகப்பிரிவினை ஆனது. வேறொரு பெண்ணுக்குப் பிறந்த மூத்தவரான தியூடெரிக் கிழக்கை எடுத்துக்கொண்டார்; அரசி குளோட்டில்டின் மூன்று மகன்களில் குளோடோமெருக்கு ஓர்லியான், சில்டெபெர்ட்டுக்குப் பாரிஸ், கடைக்குட்டி குளோத்தாருக்கு சுவாசோன் என்று தலைநகர்கள் அமைந்தன. 524இல் பர்கண்டியர்களோடு வெசெரோன்ஸ் என்ற இடத்தில் நடந்த போரில் குளோடோமெர் மாண்டார். குளோத்தார் தாமதிக்காமல் அண்ணனின் மனைவியை மணந்துகொண்டார். அண்ணனின் மூன்று ஆண் பிள்ளைகள் பாரிசில் பாட்டி குளோட்டில்டின் வளர்ப்பில் இருந்தார்கள்.

அதன்பின் நடந்ததைத் தூர் நகர ஆயர் கிரெகோரி எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டப் போகிறோம், அனுப்பி வையுங்கள் என்று சித்தப்பாக்கள் இருவரும் ஆள் அனுப்ப, பாட்டி மகிழ்ந்து, உண்ணவும் பருகவும் கொடுத்து அனுப்பினாள். பிள்ளைகள் கைக்கு வந்த பிறகு ஆர்க்காடியஸ் என்ற பெரிய மனிதர் ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் உருவிய வாளுமாக அவள் முன் வந்து நின்றார். மெரோவிங்கியர்களுக்கு நீண்ட கூந்தல்தான் அரச அடையாளம்; முடியை வெட்டி உயிரோடு விடுவதா, வெட்டாமல் கொல்வதா என்று அவளே சொல்ல வேண்டும் என்பது கேள்வி. அரியணை ஏறாத பிள்ளைகளை முடி இழந்து பார்ப்பதைவிடப் பிணமாகப் பார்ப்பதே மேல் என்று துயரத்தில் அவள் வாயில் வந்துவிட்ட சொல்லையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். பத்து வயது மூத்தவனைக் குளோத்தார் தரையில் தள்ளி அக்குளில் கத்தியைப் பாய்ச்சினார். ஏழு வயது இளையவன் சில்டெபெர்ட்டின் காலைக் கட்டிக்கொண்டு கதற, அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இவனை விட்டுவிடு, எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்று தம்பியிடம் கெஞ்சினார். நீ தொடங்கிய காரியம் இது, அவனைத் தள்ளு, இல்லாவிட்டால் அவனுக்குப் பதில் நீ சாவாய் என்று குளோத்தார் சீறவே, சில்டெபெர்ட் சிறுவனைப் பிடித்துத் தள்ளினார்.

மூன்றாவது பிள்ளை குளோடோவால்ட் காப்பாற்றப்பட்டான். அவன் பின்னாளில் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு துறவியானான். பாரிசின் ஓரத்தில் உள்ள சென் குளூ என்ற ஊர் அவன் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அந்தக் குடும்பத்தில் நிம்மதியாக வாழ்ந்தவர்களைத் தேடினால் இப்படி முடியைத் துறந்தவர்களில்தான் தேட வேண்டும்.

குளோத்தாரின் திருமணங்களைத் தனிப் பதிவாகவே எழுதலாம். மனைவி இங்குண்ட், தன் தங்கை அரெகுண்டுக்கு நல்ல மாப்பிள்ளையாகப் பாருங்கள் என்று கேட்டபோது, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தம்மைவிடத் தகுதியான மாப்பிள்ளை கிடைக்கவில்லை, ஆகவே தாமே மணந்துகொண்டதாகச் சொன்னார் என்று கிரெகோரி எழுதுகிறார். இது சிரிக்க வைக்கும் கதையாக மட்டும் நின்றுவிடவில்லை. 1959இல் பாரிசுக்கு வடக்கே சென் தெனி தேவாலயத்தின் அடியில் அகழ்ந்தபோது, அர்னெகுண்டிஸ் என்ற பெயர் பொறித்த மோதிரத்தோடு ஒரு பெண்ணின் கல்லறை வெளிப்பட்டது. அவள் இந்த அரெகுண்டாகவே அடையாளம் காணப்படுகிறாள். இன்னொரு மனைவியான ராடெகுண்ட், 531இல் துரிங்கிய நாட்டைத் தோற்கடித்தபோது போர்க் கொள்ளையில் பங்காகக் கிடைத்த இளவரசி. அவளுடைய தம்பியையும் குளோத்தார் கொல்லச் செய்யவே, அவள் அரண்மனையை விட்டு வெளியேறி, பிறகு புவாத்தியே நகரில் கன்னிமாடம் நிறுவிப் புனிதராகப் போற்றப்பட்டாள். கணவரைவிட அவளுக்குத்தான் இன்று பிரான்சில் தேவாலயங்கள் அதிகம்.

555இல் கிழக்குக் கிளை ஆண் வாரிசு இல்லாமல் முடிந்தது. 558இல் சில்டெபெர்ட்டும் மகன் இல்லாமல் இறந்தார். பங்காளிகள் எல்லாரும் போனபின் குளோவிசின் நாடு முழுவதும் கடைக்குட்டியிடமே வந்து சேர்ந்தது. மூன்றே ஆண்டுகள்தான். 560இல் எதிர்த்துக் கிளம்பிய சொந்த மகன் கிராமைப் பிரித்தானி வரை துரத்திப் பிடித்து, மனைவி மகள்களோடு ஒரு குடிசைக்குள் அடைத்துத் தீ வைக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு, காட்டில் வேட்டையாடும்போது காய்ச்சல் கண்டு கொம்பியேனில் இறந்தார். இத்தனை பெரிய அரசர்களை இப்படிக் கொன்றுபோடுகிறாரே, அந்த விண்ணுலக அரசர் எப்படிப்பட்டவர் என்று சாகும்போது வியந்தாராம். அவரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் சிறிதும் இல்லை என்றாலும், இந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்திருக்கும் என்று நம்பத் தோன்றுகிறது.

நாடு முழுவதையும் ஆண்டவர் என்ற புகழ் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய மகன் என்று சொல்லிக்கொள்வதே ஒரு தகுதியாயிற்று. குந்தோவால்ட் என்பவனை அவனுடைய தாய் நீண்ட முடியோடு வளர்த்து, உன் பெரியப்பாவிடம் போ என்று சில்டெபெர்ட்டிடம் அனுப்பினாள். குளோத்தாரோ அவனை வரவழைத்து, இவன் எனக்குப் பிறந்தவன் அல்ல என்று முடியை வெட்டிவிட்டார். முடி வளர்ந்தது, மறுபடி வெட்டப்பட்டது. கான்ஸ்தாந்திநோபிள் வரை போய்த் திரும்பிய அந்த மனிதனை 584இல் பிரீவ் அருகே கேடயத்தின்மேல் தூக்கி அரசனாக்கினார்கள். அடுத்த ஆண்டே பிரனீசு மலையடிவாரத்தில் கொன்றார்கள்.

இரண்டாம் குளோத்தாருக்கு வருவோம். முதலாமவரின் மகன்களில் சிகெபெர்ட்டும் சில்பெரிக்கும் ஜென்மப் பகைவர்கள். சிகெபெர்ட் ஸ்பெயினிலிருந்து புருன்ஹில்ட் என்ற விசிகோத் இளவரசியை மணந்தார். அதைப் பார்த்துச் சில்பெரிக் அவளுடைய அக்காவை மணந்து, சிறிது காலத்தில் அவளைக் கழுத்தை நெரித்துக் கொல்ல விட்டு, தம் பழைய காதலி ஃபிரெடெகுண்டை அரசியாக்கினார். 575இல் சிகெபெர்ட் நஞ்சு தடவிய கத்திகளால் குத்தப்பட்டார். 584இல் வேட்டையிலிருந்து திரும்பிய சில்பெரிக் ஷெல் என்ற ஊரில் குதிரையிலிருந்து இறங்கும்போது குத்துண்டு இறந்தார். ஃபிரெடெகுண்டின் ஆண் பிள்ளைகள் ஒவ்வொருவராக நோயில் போயிருந்தார்கள். 580இல் வயிற்றுக்கடுப்பு கொள்ளைநோயாகப் பரவியபோது, ஏழைகளின் கண்ணீர்தான் நம் பிள்ளைகளைக் கொல்கிறது என்று அவளே வரிப் பதிவேடுகளைத் தீயில் போட வைத்தாள், அப்படியும் பிள்ளைகள் பிழைக்கவில்லை. கணவன் இறந்தபோது அவளிடம் எஞ்சியிருந்தது நான்கு மாதக் கைக்குழந்தை.

பெயர் வைத்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். சில்பெரிக் இறந்ததும் அவருடைய நாட்டுப் பெரியவர்கள் குழந்தையைச் சூழ்ந்து நின்று, குளோத்தார் என்று பெயரிட்டு, ஊர் ஊராக உறுதிமொழி வாங்கினார்கள். குழந்தைக்குத் தந்தை இல்லை, படை இல்லை, தாயின் நடத்தையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. கையில் இருந்தது தாத்தாவின் பெயர் மட்டும்தான். பாதுகாவலராக அழைக்கப்பட்ட பெரியப்பா குந்த்ராமே ஐயப்பட்டார். கிறிஸ்துமசுக்கு ஞானஸ்நானம் என்றார்கள், குழந்தையைக் கொண்டுவரவில்லை. ஈஸ்டருக்கு என்றார்கள், அப்போதும் இல்லை. யோவான் திருநாளுக்கும் இல்லை. இந்தக் குழந்தை நம் படைத்தலைவன் எவனுக்காவது பிறந்ததாக இருக்கும் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அதைக் கேட்ட ஃபிரெடெகுண்ட் மூன்று ஆயர்களையும் முந்நூறு பெருங்குடி மக்களையும் கூட்டி, இது சில்பெரிக்கின் பிள்ளைதான் என்று சத்தியம் செய்ய வைத்தாள். அவளுடைய கொலைகளின் பட்டியல் நீளமானது. ஆனாலும் முந்நூறு பேரை ஒரே வாக்கில் நிறுத்திய அந்தச் சாமர்த்தியத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஞானஸ்நானம் நடந்தது 591இல், பாரிசுக்கு அருகிலுள்ள நாந்தேர் என்ற ஊரில். சிறுவனுக்கு அப்போது ஏழு வயது. சிகெபெர்ட்டின் மகன் இரண்டாம் சில்டெபெர்ட் தன் தூதர்களை அனுப்பி, என் எதிரியை அரியணையில் ஏற்றப் பார்க்கிறீர்களா என்று குந்த்ராமைத் தடுக்கப் பார்த்தான். ஞானத் தந்தையாக நிற்கும் கடமையை மறுக்க முடியாது என்று பதில் சொல்லிவிட்டு, குந்த்ராம் சிறுவனைத் தொட்டியிலிருந்து தம் கையால் ஏந்தி எடுத்து, குளோத்தார் என்றே அழைக்கச் சொன்னார். இவன் வளர்ந்து இந்தப் பெயருக்குரியதைச் செய்து காட்டட்டும், இந்தப் பெயரைத் தாங்கியவர் எத்தகைய வலிமையோடு இருந்தாரோ அதே வலிமையை இவனும் பெறட்டும் என்று வாழ்த்தினார். கிரெகோரியின் வரலாற்றில் இந்தக் காட்சி ஏறத்தாழக் கடைசிப் பக்கங்களில் வருகிறது. ஏழு ஆண்டுகளாக எல்லாரும் அழைத்துவந்த பெயர்தான் அது. குடும்பத்தின் மூத்தவர் தம் வாயால் சொன்ன அன்றுதான் அது செல்லுபடியாயிற்று.

எதிர்த் தரப்பும் இதே ஆட்டத்தைத்தான் ஆடியது. இரண்டாம் சில்டெபெர்ட் தன் மகன்களுக்குத் தியூடெபெர்ட், தியூடெரிக் என்று பெயர் வைத்தான். அவை அவனுடைய நேர் முன்னோரின் பெயர்கள் அல்ல. 555இல் அற்றுப்போன கிழக்குக் கிளையின் பெயர்கள். அந்தக் கிளை ஆண்ட நிலத்தைத்தான் இப்போது அவன் ஆண்டான். செத்துப்போன பங்காளியின் நிலத்தோடு அவன் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டால், அங்குள்ள குடிகளுக்கு ஆட்சி தொடர்வதாகத் தோன்றும் என்ற கணக்கு.

குந்த்ராம் 592இலும் ஃபிரெடெகுண்ட் 597இலும் இறந்தார்கள். உறவு முறையில் குளோத்தாருக்கு அண்ணன் மகன்களான தியூடெபெர்ட்டும் தியூடெரிக்கும் வயதில் அவனோடு ஒத்தவர்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து 600இல் டோர்மெல் என்ற இடத்தில் குளோத்தாரை நொறுக்கினார்கள். சேன் ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே பன்னிரண்டு சிறு வட்டங்கள் மட்டும் அவனுக்கு மிஞ்சின. இந்த நிலையில் பத்தாண்டுக்கு மேல் அவன் செய்த பெரிய காரியம் பொறுமையாக இருந்தது. அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் மோதிக்கொள்ள, 612இல் தியூடெபெர்ட் வீழ்ந்தான். வென்ற தியூடெரிக் 613இல் மெட்ஸ் நகரில் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். பாட்டி புருன்ஹில்ட் கொள்ளுப்பேரன் சிகெபெர்ட்டை அரியணையில் ஏற்றினாள். கிழக்கு நாட்டுப் பிரபுக்களோ, அந்தக் கிழவியின் ஆட்சி இன்னொரு தலைமுறைக்கு வேண்டாம் என்று குளோத்தாரை அழைத்துவிட்டார்கள். அழைத்தவர்களில் முதன்மையானவர்கள் பிப்பினும் மெட்ஸ் நகரின் ஆர்னுல்ஃபும். இவர்களுடைய வழியில் வந்தவர்கள்தாம் பின்னாளில் மெரோவிங்கியர்களை அகற்றிய கரோலிங்கியர்கள்.

புருன்ஹில்டுக்கு நேர்ந்த முடிவு கொடுமையானது. பத்து அரசர்களின் சாவுக்குக் காரணமானவள் என்று குற்றம் சாட்டி, மூன்று நாள் வதைத்து, ஒட்டகத்தின்மேல் ஏற்றிப் படைக்கு முன் சுற்றவிட்டு, கடைசியில் கூந்தலாலும் ஒரு கையாலும் ஒரு காலாலும் அடங்காத குதிரையின் வாலில் கட்டி இழுக்கவிட்டார்கள். அந்தப் பத்துப் பேரின் கணக்கில் குளோத்தாரின் தரப்பே கொன்றவர்களும் அடக்கம் என்பதை அங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

தியூடெரிக்கின் நான்கு மகன்களில் இருவரைக் குளோத்தார் கொன்றான். ஒருவன் குதிரையேறித் தப்பியவன் திரும்பவே இல்லை. மெரோவேக் என்ற சிறுவனை மட்டும் கொல்லாமல் மறைவாக அனுப்பி வாழவிட்டான். காரணம், அந்தச் சிறுவனுக்கு அவனே ஞானத் தந்தை. நாந்தேரில் குந்த்ராம் தொட்டியிலிருந்து ஏந்தி எடுத்ததால் பிழைத்தவன், தான் அப்படி ஏந்தி எடுத்த பிள்ளைமேல் கை வைக்கவில்லை. தாத்தாவுக்கு இந்தத் தயக்கம் இருந்திருக்காது. சொந்த அண்ணன் பிள்ளைகளைத் தம் கையால் குத்திய முதலாமவரோடு இவரை ஒப்பிட்டு, பேர் சொல்லும் பிள்ளை என்று எழுதிவிடும் நூல்களை நான் ஏற்பதில்லை.

அடுத்த ஆண்டு வெளிவந்த பாரிஸ் ஆணையைப் படித்தால் ஆட்சியும் வேறுபட்டது என்பது புலப்படும். புதிதாகச் சுமத்தப்பட்ட அநியாய வரிகளை நீக்குவது. சுங்கத்தைப் பழைய அரசர்கள் காலத்து அளவிலேயே நிறுத்துவது. ஒரு வட்டாரத்துக்கு வேற்று வட்டாரத்தானை நீதிபதியாக அமர்த்தாமல் இருப்பது என்று அது பேசுகிறது. கடைசி விதிக்கு அவரே கூறும் காரணம் நடைமுறை சார்ந்தது: அதிகாரி உள்ளூர்க்காரனாக இருந்தால், தவறு செய்து பறித்ததை அவன் சொத்திலிருந்தே வசூலித்துத் திருப்பித் தரலாம். உள்ளூர்ப் பிரபுக்களின் கையை இது ஓங்கவிட்டது என்ற விமர்சனம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. பிரெஞ்சு தேசிய ஆவணக் காப்பகத்தில் அசல் நிலையிலேயே எஞ்சியிருக்கும் மிகப் பழைய அரச ஆவணமும் இவருடையதுதான். 625ஆம் ஆண்டைச் சேர்ந்தது, பாப்பிரசில் எழுதப்பட்டது. 629இல் அவர் இறந்தபோது நாடு மகன் டகோபெர்ட்டிடம் பெரிய போரின்றிப் போனது. அந்தக் குடும்பத்தில் அதுவே பெரிய சாதனை.

மூன்றாம் குளோத்தாரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டகோபெர்ட்டின் பேரன், 657இல் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்து 673இல் இளைஞனாகவே இறந்தான். ஆண்டவள் தாய் பால்டில்ட். ஆங்கிலோ சாக்சன் அடிமைப் பெண்ணாக விலைக்கு வாங்கப்பட்டு அரசியானவள் அவள். கிறிஸ்தவர்களை அடிமைகளாக வெளிநாட்டுக்கு விற்பதைத் தடுத்தாள். கோர்பி, ஷெல் ஆகிய ஊர்களில் மடங்கள் நிறுவினாள். ஷெல் ஊரில் அவளுடையதாகப் பாதுகாக்கப்படும் துணி ஒன்று உண்டு: நகைகளைத் துறந்த அரசியின் மேலாடையில், கழுத்தைச் சுற்றி ஆரங்களும் ஒரு பெரிய சிலுவையும் பட்டு நூலால் தையலாகவே இடப்பட்டிருக்கின்றன. அவள் மடத்துக்குள் ஒதுக்கப்பட்ட பின் அதிகாரம் அரண்மனைப் பேரதிகாரி எப்ரோயினிடம் போனது.

இந்தக் காலத்தில்தான் பெயரை வைத்து அரசனை உற்பத்தி செய்யும் தொழில் முழு வடிவம் பெறுகிறது. கிழக்கில் பேரதிகாரி கிரிமோவால்ட், உண்மையான இளவரசன் டகோபெர்ட்டின் முடியை வெட்டி அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டு, தன் சொந்த மகனுக்குச் சில்டெபெர்ட் என்று அரச குடும்பப் பெயரைச் சூட்டி அரியணையில் உட்கார வைத்தான். தன் வீட்டுப் பெயரோடு ஒரு பையனை அங்கே உட்கார வைக்கும் துணிவு அவனுக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். எப்ரோயினோ 675இல் ஒரு சிறுவனைக் கொண்டுவந்து, இவன் மூன்றாம் குளோத்தாரின் மகன் குளோவிஸ் என்று அறிவித்தான். வேலை முடிந்ததும் அந்தச் சிறுவனைக் கைவிட்டான். தொடக்கத்தில் சொன்ன எண்ணிக்கைக் குழப்பம் இதனால் வந்தது: இந்தச் சிறுவனை மூன்றாம் குளோவிஸ் என்று கணக்கில் சேர்ப்பவர்களுக்கு, 691இல் பட்டத்துக்கு வந்தவன் நான்காமவன், சேர்க்காதவர்களுக்கு அவன்தான் மூன்றாமவன்.

நான்காம் குளோத்தாரிடம் பெயர் ஒன்றுதான் மிச்சம். மேற்கு நாட்டார் டானியல் என்ற மடத்துத் துறவியை வெளியே அழைத்து, முடி வளர்ந்ததும் சில்பெரிக் என்று பெயர் மாற்றி அரசனாக்கினார்கள். 717 மார்ச்சில் வென்சி என்ற இடத்தில் அவர்களைத் தோற்கடித்த கிழக்கு நாட்டுப் பேரதிகாரி சார்லஸ் மார்ட்டெல், தன் பக்கத்துக்கும் ஒரு மெரோவிங்கிய அரசன் வேண்டுமென்று இந்தக் குளோத்தாரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவனுடைய தந்தை யார் என்பதில் அறிஞர்களிடையே இன்றுவரை உடன்பாடு இல்லை. அடுத்த ஆண்டே அவன் இறந்ததும், சார்லஸ் எதிரி தரப்பின் சில்பெரிக்கையே தம் அரசனாக ஏற்றுக்கொண்டார். 737இல் அரியணை காலியானபோது உடனே நிரப்பவில்லை. ஆறு ஆண்டு அரசனில்லாமல் ஆண்டார்கள். 751இல் சார்லசின் மகன் பிப்பின், கடைசி மெரோவிங்கியனான மூன்றாம் சில்டெரிக்கின் முடியை வெட்டி மடத்துக்கு அனுப்பினார்.

குடும்பத்தை அகற்றியவர்கள் அதன் பெயர்களை அகற்றவில்லை. 778இல் இந்தப் பிப்பினின் மகன் சார்லமேன் ஸ்பெயின் படையெடுப்பில் இருந்தபோது பிறந்த இரட்டை மகன்களுக்கு லூயி, லோத்தார் என்று பெயரிடப்பட்டது. அவை குளோவிசும் குளோத்தாரும்தான், ஒலி மட்டும் தேய்ந்திருந்தது. அதுவரை அந்த வீட்டில் பெரும்பாலும் பிப்பின், கார்ல், கார்ல்மன் போன்ற பெயர்களே இருந்தன. இன்றைய தருமபுரியான தகடூரைத் தலைநகராகக் கொண்டு பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட விடுகாதழகிய பெருமாள், போளூர் அருகே திருமலையில் சிதைந்துபோன இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்தபோது, அவற்றை முதலில் செய்தவன் சேர வழியில் வந்த எழினி என்றும், தாம் அவ்வழியினர் என்றும் கல்லில் வெட்டி வைத்ததை இங்கே சேர்த்துப் படிக்கலாம். சங்கப் பாடல்களின் எழினிக்கும் அவருக்கும் இடையே ஆயிரம் ஆண்டு. இடையில் பல்லவரும் கங்கரும் நுளம்பரும் சோழரும் இந்த மண்ணை ஆண்டு முடித்திருந்தார்கள். சோழப் பேரரசு தளர்ந்துவந்த அந்த வேளையில் ஒரு சிற்றரசருக்கு எழினியின் பெயர் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

இரட்டையர்களில் லோத்தார் சிசுவாகவே இறந்தான். லூயி பேரரசனாகி, 795இல் பிறந்த தன் மூத்த மகனுக்கு மறுபடியும் லோத்தார் என்று பெயரிட்டான். 843இல் வெர்தூன் உடன்படிக்கையில் நாடு மூன்றாகப் பிரிந்தபோது நடுப்பகுதி அவனுக்குக் கிடைத்தது. அதன் வடபகுதியை ஆண்ட அவன் மகன் இரண்டாம் லோத்தாரின் பெயரால் அந்த நிலம் லோத்தாரிங்கியா ஆகி, இன்றைய பிரான்சின் லொரேன் ஆயிற்று. மேற்கு நாட்டில் 954 முதல் 986 வரை ஆண்ட இன்னொரு லோத்தாருக்குப் பிறகு பிரான்சின் அரியணையில் அந்தப் பெயரில் எவரும் அமரவில்லை. அடுத்த ஆண்டு பட்டத்துக்கு வந்த ஊகோ கப்பேயின் வழியினர் ராபர்ட், ஹென்றி, பிலிப் என்று வேறு பெயர்களை எடுத்தார்கள். மெரோவிங்கியரின் பழைய பெயர்களில் லூயியை மட்டும் வைத்துக்கொண்டு, அதைப் பதினெட்டு வரை எண்ணினார்கள்.